தண்ணி ஹெச் டூ ஓ-ன்னு யார் எண்ணிப் பார்த்தாங்க? கெமிஸ்ட்ரியே குழம்பி நின்ன 50 வருஷம்

இன்னைக்கு எபிசோடு ஒரு ஃபோன் காலில் ஆரம்பிக்குது.

என் சித்தி பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் ஒன். பத்தாவதில் நல்ல மார்க், அதனால யாரும் யோசிக்காம சயின்ஸ் குரூப்பில் சேர்த்துட்டாங்க. போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டா. "அண்ணா, நான் காமர்ஸ் குரூப்புக்கு மாறிக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீ பேசுறியா?"

என்னாச்சுன்னு கேட்டா, கெமிஸ்ட்ரி. டெஸ்டில் 50க்கு 14. முதல் பாடமே மோல், சமான நிறை, மூலக்கூறு நிறை, எளிய விகித வாய்ப்பாடு. "கணக்கு போட்டா சில சமயம் விடை வருது. ஆனா எதுக்கு எதால வகுக்குறேன்னு எனக்கே தெரியலண்ணா. கிளாஸ்ல எல்லாருக்கும் புரியுது. எனக்கு மட்டும் அந்த மூளை இல்ல."

நான் இன்ஜினியரிங் படிச்சவன். தெரிஞ்ச மாதிரி பேச ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷத்தில் அவ ஒரு கேள்வி கேட்டா. "தண்ணி ஹெச் டூ ஓ-ன்னு எப்படித் தெரியும்? அணுவை யாரும் பார்த்ததில்ல. அப்புறம் ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன்னு யார் எண்ணிப் பார்த்தாங்க?" டியூஷனில் இதைக் கேட்டிருக்கா. "அது போர்ஷன்ல இல்லம்மா, அப்படியே எழுதிக்கோ"ன்னு பதில் வந்திருக்கு.

நான் அமைதியாயிட்டேன், ஏன்னா எனக்கும் பதில் தெரியல. நானும் ப்ளஸ் ஒன்னில் அப்படியே எழுதிக்கிட்டவன்தான்.

"ரெண்டு வாரம் டைம் கொடு, அதுவரைக்கும் குரூப் மாத்தாத"ன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சேன். அந்த ரெண்டு வாரத்தில் படிச்சதுதான் இந்த எபிசோடு. தேடினதில் தெரிஞ்ச விஷயம் என்னன்னா, அவ கேட்ட அந்த ஒரு கேள்வியில் ஐரோப்பாவோட பெரிய பெரிய கெமிஸ்ட்டுகள் எல்லாம் சுமார் 50 வருஷம் மாட்டிக்கிட்டு முழிச்சிருக்காங்க.

ஒரு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்

1800களோட ஆரம்பம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம். ஜான் டால்டன்னு ஒருத்தர், பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி அணு இருக்கு, ஒரு தனிமத்தோட அணுக்கள் எல்லாம் ஒரே எடைன்னு சொல்றார். 1808இல் அவரோட புத்தகத்தின் முதல் பாகம் வருது.

இப்போ அவர்கிட்ட இருக்கிற டேட்டா என்ன? எடை மட்டும்தான். தண்ணியைப் பிரிச்சா, 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்ஸிஜன் வருது. டால்டன் அன்னைக்கு எடுத்த அளவில் இது 7. பின்னாடி வந்தவங்க துல்லியமா அளந்து 8-ன்னு சரி பண்ணாங்க. நாம 8-ஐயே வெச்சுக்குவோம்.

இதிலிருந்து ஆக்ஸிஜன் அணு, ஹைட்ரஜன் அணுவை விட எத்தனை மடங்கு கனம்னு சொல்ல முடியுமா? கொஞ்சம் யோசிங்க. தண்ணியில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்ஸிஜன் இருந்தா, ஆக்ஸிஜன் 8 மடங்கு. ரெண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்ஸிஜன் இருந்தா, 16 மடங்கு. ஃபார்முலா தெரிஞ்சாத்தான் அணு எடை தெரியும், அணு எடை தெரிஞ்சாத்தான் ஃபார்முலா தெரியும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு நம்ம ஊர்ல சொல்ற கதை.

டால்டன் என்ன பண்ணார்? ஒரு டீஃபால்ட் வேல்யூ போட்டார். ரெண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிஞ்சிருக்குன்னா, அது ஒண்ணுக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கலாம். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அன்னைக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டும்தான். ஹைட்ரஜன் பெராக்ஸைடு 1818இல்தான் கண்டுபிடிக்கிறாங்க. அதனால டால்டனுக்குத் தண்ணின்னா ஹெச் ஓ.

இது முட்டாள்தனம் இல்ல. வேற வழி இல்லாதப்போ எளிமையான ஊகத்தை எடுத்துக்கிட்டு நகர்றது நியாயம்தான். ஆனா கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், தற்காலிகமா போட்ட டீஃபால்ட் வேல்யூதான் எல்லா இடத்துக்கும் பரவி, பத்து வருஷம் கழிச்சு ப்ரொடக்ஷனை உடைக்கும்.

விடை 1811இலேயே வந்துடுச்சு

அதே சமயம் பிரான்ஸில் கே-லுசாக் வாயுக்களை எடையா அளக்காம, கன அளவா அளந்தார். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்ஸிஜனும் சேர்ந்தா 2 லிட்டர் நீராவி. எல்லா வாயு வினையிலும் இப்படி முழு எண்கள்தான் வருது.

இதைப் பிடிச்சவர் அமெடியோ அவகாட்ரோ. இத்தாலியில் சட்டம் படிச்சவர், அப்புறம் அறிவியல் பக்கம் வந்து வெர்செல்லிங்கிற ஊரில் பாடம் நடத்திட்டு இருந்தார். 1811இல் அவர் சொன்னது, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில், சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். நாம மனப்பாடம் பண்ண அதே விதி.

இதை வெச்சுக் கே-லுசாக்கோட ரிசல்ட்டைப் பாருங்க. 1 லிட்டர் ஆக்ஸிஜனிலிருந்து 2 லிட்டர் நீராவி வருது. அதாவது ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு, ரெண்டு தண்ணி மூலக்கூறுக்குள்ள போகுது. அப்போ அது ரெண்டாப் பிளந்தாகணும். பிளக்கணும்னா, அதுக்குள்ள குறைஞ்சது ரெண்டு அணு இருக்கணும். ஆக்ஸிஜன் ஓ இல்ல, ஓ டூ. ஹைட்ரஜன் ஹெச் டூ. தண்ணி ஹெச் டூ ஓ. முடிஞ்சது.

முடியல. டால்டன் ஒத்துக்கலை. ஒரே மாதிரி அணுக்கள் ஒண்ணையொண்ணு தள்ளும்னு அவர் நினைச்சார். கே-லுசாக்கோட அளவீடுகளையே சந்தேகப்பட்டார். ஸ்வீடனில் பெர்சீலியஸ், அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரியோட பெரிய தலைக்கட்டு. அவரோட கொள்கைப்படி அணுக்கள் சேர்றதுக்குக் காரணம் மின்சாரம், ப்ளஸ்ஸும் மைனஸும் ஈர்க்கும். அப்படீன்னா ரெண்டு ஆக்ஸிஜன் அணு எப்படி ஒட்டும்? நியாயமான கேள்விதான். அதுக்குச் சரியான பதில் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது.

1820களில் பிரான்ஸில் டூமா இந்த விதியைச் சோதிச்சுப் பார்த்தார். பொருளை ஆவியாக்கி, அந்த ஆவி ஹைட்ரஜனை விட எத்தனை மடங்கு கனம்னு அளக்கிறது அவர் வழி. ஆனா எல்லாத் தனிமமும் ஆவியில் ரெண்டு ரெண்டு அணுவாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டார். பாதரசத்துக்கு விடை பாதியா வந்தது. கந்தகத்துக்கு மூணு மடங்கா வந்தது. இன்னைக்கு நமக்குக் காரணம் தெரியும். பாதரச ஆவி ஒத்தை அணு. கந்தகம் அவர் அளந்த சூட்டில் ஆறு ஆறு அணுவாச் சேர்ந்து நிக்கும். பாவம், அவருக்கு அது எப்படித் தெரியும்? வெறுத்துப் போய், அணுங்கிற வார்த்தையையே கெமிஸ்ட்ரியிலிருந்து அழிச்சுடலாம்னு சொல்ற அளவுக்குப் போயிட்டார்.

ஒரு அமிலம், 19 ஃபார்முலா

இதனால என்ன ஆச்சு? ஆளாளுக்கு ஒரு அட்டவணை. சிலருக்கு ஆக்ஸிஜன் 8, சிலருக்கு 16. சிலருக்குக் கார்பன் 6, சிலருக்கு 12. "அணு எடைன்னு நாம சண்டை போட வேணாம், சமான எடைன்னு அளக்க முடிஞ்சதை மட்டும் வெச்சுக்குவோம்"னு ஒரு கூட்டம். ஆமா, இன்னைக்கும் ப்ளஸ் ஒன் முதல் பாடத்தில் மோலும் சமான நிறையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நம்மளைக் குழப்புதே, அது இந்தச் சண்டையோட மிச்சம்தான்.

நிலைமை எவ்வளவு மோசம்னா, சி டூ ஹெச் ஃபோர்னு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தா, கார்பன் 12-ன்னு எடுக்கிறவருக்கு அது எத்திலீன். கார்பன் 6-ன்னு எடுக்கிறவருக்கு அது மீத்தேன். முதல்ல எழுதினவர் எந்தக் கட்சின்னு பார்க்கணும், அப்புறம்தான் ஃபார்முலாவைப் படிக்கணும்.

ஜெர்மன் கெமிஸ்ட் கெக்குலே, பென்சீன் வளையத்தால நமக்குத் தெரிஞ்சவர், 1861இல் தன்னோட பாடநூலில் அசிட்டிக் அமிலத்துக்கு அன்னைக்குப் புழக்கத்தில் இருந்த ஃபார்முலாக்களை வரிசையா எழுதிக் காட்டினார். மொத்தம் 19. நம்ம வீட்டு வினிகர்தாங்க. ஒரே பொருளுக்கு 19 ஃபார்முலா.

இந்தக் காலத்தில் ஒரு மாணவனா இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? வாத்தியார் மாறினா ஃபார்முலா மாறும். புத்தகம் மாறினா அணு எடை மாறும். "எனக்கு மட்டும் புரியல"ன்னு அப்பவும் எத்தனை பேர் நினைச்சிருப்பாங்களோ.

கன்னிசாரோ, ரியாக்ஷனுக்கு முன்னாடி ஒரு வாத்தியார்

ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்குக் கன்னிசாரோ வினை ஞாபகம் இருக்கும். ஆல்டிஹைடு பாடத்தில் வரும், ஃபைவ் மார்க்குக்குப் படிச்சிருப்போம். அந்த ரியாக்ஷனுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார்னு எனக்கு இப்பத்தான் உறைச்சது.

ஸ்டானிஸ்லாவ் கன்னிசாரோ, 1826இல் சிசிலியின் பலேர்மோவில் பிறந்தவர். 1848இல் சிசிலியில் அரசருக்கு எதிராப் புரட்சி வந்தப்போ அதில் இறங்கிட்டார். புரட்சி தோத்துடுச்சு, பிரான்ஸுக்கு ஓடிப் போனார். அப்புறம் இத்தாலிக்குத் திரும்பி அலெஸாண்ட்ரியாவில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. அங்கேயே சின்னதா ஒரு லேப் அமைச்சு, 1853இல் அந்தப் பிரபலமான வினையைக் கண்டுபிடிச்சார். 1855இல் ஜெனோவா பல்கலைக்கழகம்.

ஜெனோவாவில் அவருக்கு இருந்த பிரச்சினை ஆராய்ச்சியில் இல்ல, வகுப்பறையில். இவ்வளவு குழப்பத்தையும் பசங்களுக்கு எந்த வரிசையில் சொல்லிக் கொடுக்கிறது? அதுக்கு அவர் போட்ட பாடத்திட்டத்தை 1858இல் ஒரு நண்பருக்குக் கடிதமா எழுத, அது ஒரு இத்தாலியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு கோர்ஸோட சுருக்கம், அவ்வளவுதான்.

அவர் வழி இவ்வளவு எளிமையானது. அவகாட்ரோ விதியை நம்பு. ஆனா டூமா மாதிரி மூலக்கூறுக்குள்ள எத்தனை அணுன்னு முன்கூட்டியே ஊகிக்காத. ஹைட்ரஜன் வாயுவை 2-ன்னு வெச்சுக்கிட்டு, மத்த வாயுக்களோட மூலக்கூறு எடையை அளந்துக்கோ. அப்புறம், ஒவ்வொரு மூலக்கூறிலும் அந்தத் தனிமம் எத்தனை பங்குன்னு பாரு.

கார்பனை எடுத்துக்குவோம். கார்பன் மோனாக்ஸைடு 28, அதில் கார்பன் 12. கார்பன் டை ஆக்ஸைடு 44, அதில் கார்பன் 12. மீத்தேன் 16, அதில் கார்பன் 12. எத்திலீன் 28, அதில் கார்பன் 24. இப்படி எத்தனை பொருளை எடுத்தாலும் 12, 24, 36-ன்னுதான் வரும். 6 வராது, 18 வராது. 12-க்குக் கீழே உடையவே மாட்டேங்குது. அப்போ கார்பன் அணு 12.

ஹைட்ரஜனையும் பாருங்க. ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 1. தண்ணியில் 2. அம்மோனியாவில் 3. மீத்தேனில் 4. குறைஞ்சபட்சம் 1. அப்போ 2-ன்னு நாம வெச்சுக்கிட்ட ஹைட்ரஜன் வாயுவுக்குள்ள ரெண்டு அணு. ஆக்ஸிஜனுக்கு இதே மாதிரி பார்த்தா 16. தண்ணி 18, அதில் ஆக்ஸிஜன் 16, ஹைட்ரஜன் 2. ஹெச் டூ ஓ.

எண்ணிப் பார்த்தாங்களான்னு என் தங்கச்சி கேட்டா இல்லையா? ஒரு வகையில் எண்ணித்தான் பார்த்தாங்க. மளிகைக் கடையில் பத்து மூடின பை இருக்கு, உள்ளே ஒரே சைஸ் பாக்கெட்டுகள். பையோட எடையெல்லாம் 12, 24, 36-ன்னு வந்தா, பிரிச்சுப் பார்க்காமலே ஒரு பாக்கெட் 12-ன்னு சொல்லிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

கார்ல்ஸ்ரூஹே, செப்டம்பர் 1860

பத்திரிகையில் வந்ததை யாரும் பெருசாக் கண்டுக்கலை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டணும்னு கெக்குலே, வூர்ட்ஸ், வெல்ட்சீன் மூணு பேரும் சேர்ந்து ஒரு மாநாடு கூட்டினாங்க. 1860 செப்டம்பர் 3, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரம். ஐரோப்பா முழுக்கவிருந்து நூத்துக்கும் மேற்பட்ட கெமிஸ்ட்டுகள். மூணு நாள் பேச்சு. கன்னிசாரோ எழுந்து அவகாட்ரோவுக்காக வாதாடினார்.

முடிவு? ஒண்ணும் ஆகலை. அறிவியலை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்க முடியாது, அவங்கவங்க விருப்பம்னு கலைஞ்சாங்க. ஆனா கடைசியில் ஒரு விஷயம் நடந்தது. கன்னிசாரோவோட நண்பர் பவேசி, அந்தக் கோர்ஸ் சுருக்கத்தோட பிரதிகளை வந்தவங்களுக்குக் கொடுத்தார்.

வாங்கிப் பையில் போட்டுக்கிட்டவங்களில் ஒருத்தர் லோதர் மெயர், வயசு 30. படிச்சதும் சந்தேகமெல்லாம் போய் மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்ததுன்னு பின்னாடி எழுதினார். அதே மாநாட்டில் ரஷ்யாவிலிருந்து வந்த 26 வயசுப் பையன் ஒருத்தன், தன்னோட பழைய வாத்தியாருக்கு மாநாட்டைப் பத்திக் கடிதம் எழுதினான். பேரு டிமிட்ரி மெண்டலீவ்.

அணு எடைகள் சரியானதும்தான் தனிமங்களை வரிசையா அடுக்க முடிஞ்சது. மெயர் 1864இல் ஒரு பாடநூலில் ஒரு அட்டவணை போட்டார். மெண்டலீவ் 1869இல் தன்னோட மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதிட்டு இருந்தப்போதான் ஆவர்த்தன அட்டவணை வந்தது. கவனிச்சீங்களா? கன்னிசாரோ, மெயர், மெண்டலீவ், மூணு பேரும் பாடம் சொல்லிக் கொடுக்கிறதுக்காக உட்கார்ந்தப்போதான் தெளிவு வந்திருக்கு. "அப்படியே எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு நகர மனசு வராதவங்க.

இதிலெல்லாம் ஒருத்தரை விட்டுட்டோம். அவகாட்ரோ 1856இலேயே இறந்துட்டார். மாநாட்டுக்கு நாலு வருஷம் முன்னாடி. தான் சொன்னது சரின்னு உலகம் ஒத்துக்கிட்டதை அவர் பார்க்கலை. அவகாட்ரோ எண் என்னன்னுகூட அவருக்குத் தெரியாது. 1865இல் லோஷ்மிட் மூலக்கூறோட அளவை முதல்முறையா மதிப்பிட்டார். அவகாட்ரோ பேரை அந்த எண்ணுக்கு வெச்சது 1909இல் பெரின். மோல்ங்கிற சொல்லைக் கொண்டுவந்த ஆஸ்ட்வால்டு, ரொம்ப காலம் அணு இருக்குன்னே நம்பலை! கடைசியா 2019 மே 20-லிருந்து மோலுக்கே புது வரையறை. நான் படிச்சது 12 கிராம் கார்பன்-12 கணக்கு. இப்போ அது நேரடியா ஒரு நிலையான எண். நாலு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணியில் அத்தனை மூலக்கூறு.

திரும்பவும் அந்த ஃபோன் கால்

இவ்வளவையும் நம்ம பாடம் எப்படிச் சொல்லுது? முதல் பக்கத்தில் வரையறை, அடுத்து ஃபார்முலா, அடுத்து பயிற்சிக் கணக்கு. 200 வருஷச் சண்டையோட தீர்ப்பை மட்டும் கையில் கொடுத்துட்டாங்க, வழக்கு என்னன்னு சொல்லலை. வழக்கே தெரியாதவனுக்குத் தீர்ப்பு எப்படிப் புரியும்?

அந்த டியூஷன் சாரை நான் குறை சொல்ல வரல. டிசம்பருக்குள்ள போர்ஷன் முடிக்கணும், அறுபது பிள்ளைங்க, பின்னாடி நீட் வேற. பழைய தகராறையெல்லாம் நடத்த நேரம் கிடையாது. ஆனா கேள்வி கேட்ட பிள்ளைக்கு "நல்ல கேள்வி, இதில்தான் எல்லாரும் மாட்டினாங்க"ன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதுக்குப் பத்து செகண்ட் போதும்.

ரெண்டு வாரம் கழிச்சு அவளைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். கார்பன் கணக்கை அவளையே போடச் சொன்னேன். 12, 12, 12, 24-ன்னு எழுதிட்டு இருந்தவ திடீர்னு நிறுத்திட்டா. "அண்ணா, அப்போ 6-ன்னு வர்ற ஒரு பொருள் நாளைக்குக் கிடைச்சா?" அப்போ எல்லாத்தையும் மாத்தணும்னு சொன்னேன். "அப்படின்னா இது நிரூபணம் இல்லையே. இதுவரைக்கும் கிடைக்கலைன்னுதானே அர்த்தம்?"

இந்தச் சந்தேகம் கன்னிசாரோவோட வழிக்கு நிஜமாவே இருந்த ஓட்டைதான். சிறுசா ஒண்ணு கிடைச்சா அணு எடை இறங்கும்னு அவருக்கும் தெரியும். 50க்கு 14 வாங்கின பொண்ணு, மூளை இல்லைன்னு சொன்ன பொண்ணு, அதை ஒரே நிமிஷத்தில் பிடிச்சுட்டா.

அடுத்த டெஸ்டில் 31. கிளாஸ் ஃபர்ஸ்ட் எல்லாம் இல்ல. குரூப் மாத்துற பேச்சு இப்போதைக்கு இல்ல. நேத்து ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கா. "அண்ணா, எலக்ட்ரான் நிரப்புறப்போ த்ரீ டி-க்கு முன்னாடி ஏன் ஃபோர் எஸ்? அப்படியே எழுதிக்கோன்னு மட்டும் சொல்லாத."

நான் இன்னும் பதில் போடலை. படிச்சுட்டு இருக்கேன். பார்ப்போம்.